சைக்கிளில் இருவர்: ராமநாதபுரம் கரையோரப் பயணம் பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் வீட்டுக்காரரும் போன மாசியில் வேதாரண்யத்தில் சைக்கிளை மிதிக்க ஆரம்பித்து, பதினாறாம் நாள் திருச்செந்தூரில் இறங்கினோம். ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் ஒன்பது நாள் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கரையிலேயே கழிந்தது. அவருக்கு 53 வயது, பலசரக்குக் கடை. எனக்கு 48, வீட்டில் தையல். ஊர் பரமக்குடி. திரும்பி வந்ததிலிருந்து கல்யாண வீடு, துக்க வீடு, ரேஷன் கடை வரிசை என எங்கே போனாலும் அதே கேள்விகள். ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை, எழுதிவிட்டேன். அவர் என் அத்தை மகன். பாவாடை கட்டிய வயதிலிருந்து மச்சான் என்றே கூப்பிட்டுப் பழக்கம், இங்கேயும் அப்படியே வரும்.

ஏன், பஸ் ஓடலையா?

ஓடுகிறது. இதை முதலில் கேட்டது தொண்டிக்குப் பக்கத்தில் நம்புதாளையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அப்பத்தா. “எங்கிட்டுத்தா போறீக? திருச்செந்தூருக்கா? பஸ்ஸு ஓடலையா?” மச்சான் சைக்கிளை நிறுத்தி, பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டதையும், கடையைத் தம்பி பார்த்துக்கொள்வதையும், ரொம்ப நாள் ஆசை என்பதையும் விவரமாகச் சொன்னார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்பக் காசு இல்லைங்கிறீக” என்று முடித்துவிட்டார் அப்பத்தா. அதன்பிறகு யார் கேட்டாலும் “வேண்டுதல்” என்று சொல்லப் பழகிவிட்டோம். ஒரே வார்த்தை, எல்லோருக்கும் புரிகிறது.

எந்த மாதம் போவது? எந்தத் திசையில்?

இந்தக் கரையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஆனால் ஆயிரம் பேரில் ஒருவர்தான் கேட்கிறார். மற்றவர்களுக்குக் கால் வலித்ததா என்பதுதான் கவலை.

இங்கே ஏற்றம் இறக்கம் கிடையாது. பாம்பன் பாலத்தைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேட்டுக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் வடக்கிலிருந்து வருவதை வாடை என்பார்கள், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம். மீனவருக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்று நினைத்திருந்தேன். சைக்கிள்காரருக்கும் அதே கணக்குத்தான்.

தை, மாசியில் வடகிழக்கிலிருந்து காற்று. எனவே தொண்டியிலிருந்து தெற்கே வந்தால் முதுகைப் பிடித்துத் தள்ளும். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று தென்மேற்காகப் போகும்போதும் அதே காற்று துணைக்கு வரும். மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சுமார் 55 கிலோமீட்டர். கிழக்கே போகிறோம், காற்று இடது கன்னத்தில் அறைகிறது. திரும்பும்போது வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆனி, ஆடியில் கச்சான் மண்ணை வாரி இறைக்கும். அப்போதுதான் லீவு கிடைக்கும் என்றால் தெற்கிலிருந்து வடக்கே வாருங்கள். சித்திரை, வைகாசியில் தயவுசெய்து வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை, புயல். தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்தில் நிற்க இடம் கிடைக்காது. காலண்டரைப் பார்த்துக் கிளம்புங்கள்.

ஒன்பது நாளில் எங்கெங்கே போனீர்கள்?

சுந்தரபாண்டியன்பட்டினத்தில் மாவட்டத்துக்குள் நுழைந்து தொண்டி, காரங்காடு, உப்பூர், தேவிபட்டினம், ராமநாதபுரம். அங்கிருந்து உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், அரிச்சல்முனை. வந்த வழியே ராமநாதபுரம் திரும்பி, திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாக வேம்பாரில் தூத்துக்குடி மாவட்டத்துக்குள் போய்விட்டோம். ஒரு நாளைக்கு 30 முதல் 45 கிலோமீட்டர். இரண்டு நாள் மிதிக்கவே இல்லை, காரணம் பின்னால் வருகிறது. இளவட்டங்கள் இதை மூன்றே நாளில் முடிப்பார்கள், முடிக்கட்டும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

நாலரைக்கு எழுவது, ஆறு மணிக்குக் கிளம்புவது. இடையில் உள்ள ஒன்றரை மணி நேரம் எங்கே போகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாவற்றையும் பையில் அடைத்த பிறகு மச்சான் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். அது எப்போதும் அடிப்பையில் இருக்கும்.

காலை ஆறிலிருந்து எட்டரைவரை காற்று சாதுவாக இருக்கும். அந்த நேரத்தில் ஓட்டுவதுதான் உண்மையான ஓட்டம், நாளின் பாதித் தூரம் அதிலேயே முடிந்துவிட வேண்டும். எட்டரைக்கு இட்லி. பத்து மணிக்கு மேல் தரை சூடேறக் கடல்காற்று எழும்பும், பதினொன்றுக்குள் ஒதுங்கிவிட வேண்டும். கோயில் மண்டபம், பள்ளிவாசல் திண்ணை, பஸ் நிறுத்தம், எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே. சாயல்குடிப் பக்கம் பனைமரம்தான் துணை. பனை நிழலும் நிழலா என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஒரு மரத்து நிழலில் ஓர் ஆள்தான் நிற்கலாம், அதுவும் மரம் நகர்த்திக்கொண்டே போகும். நாங்கள் ஆளுக்கொரு மரத்தடியில் நின்று சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றரைக்கு மேல் மறுபடி ஒரு மணி நேரம், இருட்டுவதற்குள் அறை. பிறகு துணி துவைப்பு. பல இடங்களில் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. ஆனால் அந்தக் காற்றில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்த சட்டை முறுக்குப் போல மொடமொடவென்று நிற்கும். எட்டரைக்கெல்லாம் தூக்கம்.

யார் முன்னால் போவது, யார் பின்னால்?

இதற்கு நாங்கள் கொடுத்த விலை உச்சிப்புளியில் முக்கால் மணி நேரம்.

எதிர்க்காற்றில் ஒருவர் முன்னால் போனால் பின்னால் வருபவருக்கு மிதிப்பது லேசாகிவிடும். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு மாட்டு நீளம் விட்டால் போதும், அவர் முதுகு சுவராகிவிடுகிறது. மச்சான் ஆள் வாட்டசாட்டம். ராமநாதபுரம் தாண்டியதும் அவர் முன்னே, நான் மறைவில். நன்றாகத்தான் இருந்தது.

உச்சிப்புளிக்குக் கொஞ்சம் முன்னால் என் பின்சக்கரம் தொளதொளவென்று ஆடியது. காற்று இறங்கிவிட்டது. “மச்சான்!” என்று கத்தினேன். காற்று எதிரே அடிக்கிறது, என் சத்தத்தை எனக்குப் பின்னாலேயே கொண்டுபோய்ப் போட்டது. பெல் அடித்தேன், அதுவும் அப்படியே. தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கிற மனிதர், திரும்பிப் பார்க்கவே இல்லை. சின்னதாகி, சின்னதாகி, ஒரு வளைவில் காணாமல் போனார். பவர் பேங்க் அவருடைய முன்பையில் இருந்ததால் என் போனும் அங்கேதான் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பர்ஸும் அவரிடம். என்னிடம் இருந்தது அரை பாட்டில் தண்ணீரும் ஒரு கருப்பட்டித் துண்டும்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் போய் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடையில் இருந்த தம்பி ஒட்டி முடித்து, “காசு அண்ணன் வந்ததும் வாங்கிக்கிறேங்க்கா” என்றது. அண்ணன் அப்போது ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் நான் வருவதாக நினைத்து, இந்த வருஷம் மிளகாய் விலை ஏறுமா என்பது பற்றி என்னோடு பேசிக்கொண்டே போயிருக்கிறார். பதில் வரவில்லை என்றதும் ஒப்புக்கொண்டேன் என்று எடுத்துக்கொண்டாராம்.

வந்து நின்றதும் கேட்டார் பாருங்கள்: “ஏன் புள்ள கூப்பிடல?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சருக்குக் காசு கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். மச்சானை “ங்க” போட்டுப் பேசினால் நிலைமை மோசம் என்று அவருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் செய்தது மூன்று. போன் அவரவரிடம், பணம் சரிபாதி. இரண்டாவது, டூவீலர் உதிரிபாகக் கடையில் வட்டக் கண்ணாடி ஒன்று வாங்கி அவர் ஹேண்டில்பாரில் மாட்டினோம். ஒவ்வொரு மின்கம்பத்தைத் தாண்டும்போதும் அவர் அதில் என்னைப் பார்க்க வேண்டும். இரண்டு கம்பம் தாண்டி நான் தெரியவில்லை என்றால் நிற்க வேண்டும். மூன்றாவதுதான் பெரியது: எப்போது நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, இன்றைக்குப் போதும் என்று சொல்வது, எல்லாம் பின்னால் வருபவர் முடிவு. முன்னால் போகிறவர் காற்றை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அவர் முடிவு செய்தவரை அவருக்கு அலுக்கும்போது நின்றோம். அதற்குள் எனக்கு அலுத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், அந்த அரை மணி நேரக் கோபம் இட்லி சட்னியின் மேல் இறங்கும்.

காற்று பின்னாலிருந்து வரும்போது நான் முன்னால் போனேன். அப்போது முடிவு அவருடையது. மனிதர் டீக்கடை டீக்கடையாக நிற்கச் சொன்னார்.

சண்டை வருமா?

மேலே சொன்னது போதாதா? பெரும்பாலும் பத்தரை மணிக்கு வரும். பசி, வெயில், அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்பதில் தகராறு. கூகுள் மேப் ஆறு கிலோமீட்டர் என்று சொல்லும், வழியில் கேட்டால் “இந்தா, பக்கத்துலதான்” என்பார்கள். மச்சான் மனிதர்களை நம்புவார். இது முப்பது வருஷச் சண்டை, சைக்கிள் கொண்டுவந்தது இல்லை.

பஞ்சர் எத்தனை?

ஒன்பது நாளில் ஏழு. ஏழில் ஆறு சீமைக்கருவை முள். மாவட்டம் முழுக்க அதுதான் வேலி, அதுதான் விறகு, அதுதான் கரிமூட்டம். வெட்டிய கிளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது ரோட்டோரம் முள் சிந்தும். தார் ஓரத்தை விட்டு மண்ணில் இறங்காமல் இருந்தாலே பாதி தப்பிக்கலாம். லாரிக்குப் பயந்து இறங்கினால் முள், இறங்காவிட்டால் லாரி. முள்ளே மேல்.

முழு முள் குத்தினால் தொந்தரவு இல்லை, கண்ணுக்குத் தெரியும். முனை முறிந்து டயருக்குள் தங்கிக்கொள்வதுதான் வினை. டியூபை ஒட்டி மாட்டுவோம், நாலு கிலோமீட்டரில் மறுபடி இறங்கிவிடும். உச்சிப்புளித் தம்பி எனக்கு ஒரு வித்தை காட்டியது. டியூபை வெளியே எடுத்து, கொஞ்சம் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தில் நகத்தால் கீறி அடையாளம் வைத்தது. பிறகு டயரின் உட்புறத்தை விரலால் தடவாமல் பழைய பருத்தித் துணியால் ஒரு சுற்று துடைத்தது. ஓரிடத்தில் துணியின் நூல் மாட்டி இழுத்தது. அங்கே எள்ளில் பாதி அளவு கறுப்பு முனை. ஊக்கால் நெம்பி எடுத்துக் கையில் கொடுத்தது. முப்பது வருஷமாகத் துணியில் நூல் இழுபட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும், அன்றைக்குத்தான் அதில் ஒரு பிரயோஜனம் கண்டேன். அதன்பிறகு ஒட்டு வேலை முழுக்க என் கையில். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்துப் பேட்சை வைக்க வேண்டும். மச்சானுக்கு அந்தப் பொறுமை கிடையாது, ஈரத்திலேயே வைத்துவிடுவார்.

என்ன சைக்கிள்? விலை உயர்ந்ததா?

இல்லை. 26 இஞ்சு சக்கரம், கொஞ்சம் தடித்த டயர், கியர் உள்ளது. பைக்கில் இருப்பது போன்ற வால்வாகப் பார்த்து வாங்குங்கள், எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். மெல்லிய வால்வு உள்ள பந்தய சைக்கிளில் வந்த இரண்டு பையன்களைத் தேவிபட்டினத்தில் பார்த்தோம். கடைக்காரரின் பம்பு பொருந்தாமல் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

உப்புக்காற்றில் செயின் ஒரே ராத்திரியில் சிவந்துவிடும். தினமும் படுக்குமுன் துணியால் துடைத்து நாலு சொட்டு ஆயில். தேங்காயெண்ணெய் விடலாமா என்று கேட்காதீர்கள். விட்டோம், மணல் அப்பி மாவரைக்கிற சத்தம் வந்தது.

பாம்பன் பாலத்தில் சைக்கிள் ஓட்ட முடியுமா?

ஓட்டலாம். அன்னை இந்திரா காந்தி பாலம் 2.345 கிலோமீட்டர், 1988 அக்டோபர் 2இல் திறந்தது. கீழே படகு போவதற்காக நடுவில் மேடேறி இறங்கும். ஏறும்வரை பரவாயில்லை. உச்சிக்குப் போனதும் மறைப்பு எதுவும் இல்லாமல் காற்று பக்கவாட்டில் பிடிக்கிறது. பஸ் தாண்டும்போது ஒரு நொடி காற்று நின்று, தாண்டியதும் மறுபடி மோதும். அந்த ஒரு நொடியில்தான் சைக்கிள் தடுமாறும். நான் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தேன், அதில் வெட்கம் இல்லை. பக்கத்தில் 1914இல் கட்டிய பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்களாம். சைக்கிளுக்கு யார் சிவப்பு விளக்குப் போடுவது? இப்போது ரயில் போவது 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில். கப்பல் வந்தால் அதன் நடுத்துண்டு 72.5 மீட்டரும் அப்படியே செங்குத்தாக மேலே எழும். நாங்கள் போனபோது எழவில்லை. மச்சான் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம் என்றார். பின்னால் வந்தவள் நான், முடிவு என்னுடையது.

விடியற்காலையில் போங்கள். எட்டு மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் பாலத்தின் மேலேயே நிறுத்திப் படம் எடுக்க ஆரம்பித்துவிடும், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது.

தனுஷ்கோடிவரை போகலாமா?

போகலாம், போக வேண்டும். அரிச்சல்முனைவரை தார்ச்சாலை 2017இல் திறந்தது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேன்தான், மணலில் குலுங்கிக்கொண்டு. ராமேஸ்வரத்தில் பையை எல்லாம் வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் ஆறு மணிக்குப் போனோம். சாலையின் மேல் மணல் நாக்கு நாக்காக நீண்டிருக்கும், அதில் முன்பிரேக் பிடித்தால் விழுவீர்கள். தண்ணீர் இரண்டு பாட்டில் கட்டாயம். சாயங்காலத்துக்கு மேல் உள்ளே இருக்க விடமாட்டார்கள்.

இடதுகைப் பக்கம் இருப்பதைப் பெண்கடல் என்பார்கள், வலதுகைப் பக்கம் ஆண்கடல். ஒன்று பாக் நீரிணை, மற்றது மன்னார் வளைகுடா. எங்கள் வாடைக்காலத்தில் பெண்கடல்தான் கொந்தளித்துக்கொண்டிருந்தது, ஆண்கடல் கண்மாய் மாதிரிக் கிடந்தது. மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் தலைகீழாக மேய்ந்துகொண்டிருந்தன.

1964 டிசம்பர் புயலில் ஊரோடு போன சர்ச்சும் ரயில் நிலையமும் எலும்பாக நிற்கின்றன. என் அம்மாச்சி அந்தப் புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மாட்டுக்கொட்டகையை ஒழித்துக் கொடுத்ததாகச் சொல்லும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இளநீர் குடிக்க எனக்கு மனசு வரவில்லை. குடிப்பவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சோறு.

குடிதண்ணீர்?

நகரங்களில் கேன் தண்ணீர் கிடைக்கும். ஊருக்குள் கேட்கும்போதுதான் யோசிக்க வேண்டும். இந்தக் கரையில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. காவிரியிலிருந்து குழாய் வழியாக வரும் கூட்டுக் குடிநீரும் ஊருணியும்தான் பல ஊர்களுக்குக் கதி. நாம் சாதாரணமாகக் கேட்கும் ஒரு செம்பு, அங்கே யாரோ தள்ளிக்கொண்டு வந்தது.

சாயல்குடிக்கு முன்னால் எங்கள் பாட்டில் காலி. ரோட்டில் ஓர் அம்மா குடத் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வந்தார். பார்த்திருப்பீர்கள்: இரும்புச் சட்டத்தில் வரிசையாகக் குடம் உட்காரும்படி வளையம் வைத்து, அடியில் சக்கரம் போட்டது. ஆறு குடம், வாயில் துணி கட்டியிருந்தது. தண்ணீர் எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்டேன், தாருங்கள் என்று கேட்கவில்லை. வண்டியை நிறுத்தி, ஒரு குடத்தின் துணியை அவிழ்த்து, “பிடித்தா பாட்டில” என்றார். இரண்டு பாட்டிலும் நிறைந்தது. மச்சான் இருபது ரூபாய் எடுத்தார். “தண்ணிக்குக் காசு வாங்குனா வெளங்குமாப்பு? வையி உள்ள.” பிறகு அவர் வீடுவரை மச்சான் வண்டியைத் தள்ள, நான் இரண்டு சைக்கிளையும் உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. ஏறும்போது ஒரு குடம் அலம்பி அரைக்குடம் ஆகிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அதைப் பற்றி அன்று பேசிக்கொள்ளவில்லை.

சாப்பாடு?

மாசி மாதம் ரம்ஜான் நோன்பு வந்திருந்தது. தொண்டியிலும் கீழக்கரையிலும் பகலில் பல கடைகள் பூட்டு. தெரியாமல் போய் நின்றோம். சாயங்காலம் பள்ளிவாசல் பக்கம் ஒரு பெரியவர், “வெளியூரா? வாங்க, கஞ்சி குடிச்சிட்டுப் போங்க” என்று நோன்புக் கஞ்சியும் வடையும் கொடுத்தார். நாற்பது கிலோமீட்டர் மிதித்த உடம்புக்கு அந்தக் கஞ்சியைப் போல ஒன்று கிடையாது. உப்பு, கொழுப்பு, சூடு, எல்லாம் இருக்கிறது.

கீழக்கரையில் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டுச் சுண்டக் கிண்டியது, வெயிலில் கெடாது, ஒரு துண்டு வாயில் போட்டால் எட்டு கிலோமீட்டர் ஓடும். காசு கொடுத்துச் சத்து மிட்டாய் வாங்கி வருகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சாயல்குடிப் பக்கம் பதநீர் அப்போதுதான் இறக்க ஆரம்பித்திருந்தார்கள், பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். இரண்டு பட்டைக்கு மேல் குடித்துவிட்டு சைக்கிள் ஏறாதீர்கள், வயிறு குலுங்கும். மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாடு எங்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறியிருக்கும்.

எங்கே தங்குவது? டென்ட் போடலாமா?

நாங்கள் போடவில்லை. ராமநாதபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் வேண்டிய அளவு லாட்ஜ். தொண்டி, சாயல்குடியில் குறைவு, முதல் நாளே போனில் சொல்லி வைப்பது நல்லது. இரண்டு பேருடைய ஆதாரும் கேட்பார்கள். ஓர் ஊரில் வரவேற்பில் இருந்தவர் வியர்வையும் புழுதியுமாக நின்ற எங்களை மேலும் கீழும் பார்த்து, “ஹஸ்பண்ட் ஒய்ஃபா?” என்றார். மச்சான் பதில் சொல்வதற்குள் நான், “முப்பது வருஷமா அப்படித்தான் சொல்லிட்டிருக்காக” என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

சைக்கிளை வெளியே விடாதீர்கள். தரைத்தள அறை கேளுங்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம். டயரைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவோம் என்று முதலிலேயே சொன்னால் மறுப்பதில்லை.

பெண்களுக்குச் சிரமம் இல்லையா?

இதைப் பெண்கள் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். சிரமம்தான். கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்கும் பஸ் ஸ்டாண்டும். இடையில் வெட்டவெளி. கருவைக் காட்டுக்குள் போனால் முள், ஆடு, ஆட்டுக்குப் பின்னால் ஆடு மேய்ப்பவர். விடிவதற்கு முன் முடித்துக்கொண்டு கிளம்புவது, தண்ணீரைக் குறைக்காமல் இருப்பது, இரண்டுக்கும் நடுவில் கணக்குப் போட வேண்டும். தண்ணீரைக் குறைத்த அன்று எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. யாரும் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

அந்த மூன்று நாளில் இரண்டு நாள் ராமநாதபுரத்தில் தங்கிவிட்டோம். மிதிக்காத இரண்டு நாள் அதுதான். மச்சான் அரண்மனைப் பக்கம் சுற்றிவிட்டு முண்டு மிளகாய் இரண்டு கிலோ வாங்கி வந்தார். சுமையைக் குறைக்க நான் சோப்பைப் பாதியாக நறுக்கி எடுத்து வந்திருக்கிறேன், இவர் மிளகாய் வாங்குகிறார். புவிசார் குறியீடு பெற்ற மிளகாயாம்.

உடை: சுடிதார் பேண்ட்டுக்குள் பஞ்சு வைத்த டவுசர், மேலே மச்சானின் பழைய முழுக்கைச் சட்டை. துப்பட்டா வேண்டாம், செயினில் மாட்டும். கோயிலுக்கும் தர்காவுக்கும் என்று ஒரு நூல்சேலை பையில். முறைத்துப் பார்ப்பார்கள். நாமே முதலில் “அண்ணே, கீழக்கரை இப்பிடித்தானே?” என்று கேட்டுவிட்டால், முறைத்தவர் வழிகாட்டியாகிவிடுவார்.

நாய் துரத்தினால்?

இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். ஓட்டினால்தான் துரத்தும்.

எவ்வளவு செலவு?

இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம். பாதிக்கு மேல் அறை வாடகை. மிளகாய் தனி.

வழியில் எதை விடக்கூடாது?

காரங்காட்டில் வனத்துறைப் படகில் அலையாத்திக் காடு. உப்பூரில் வெயிலுகந்த விநாயகர்: பெயரைப் பாருங்கள், சைக்கிள்காரருக்கு வேறு சாமி எதற்கு? தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாணம். குந்துகாலில் விவேகானந்தர் 1897இல் வந்திறங்கிய இடம். பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம். சின்ன வயதில் வீடு வீடாகப் பேப்பர் போட்ட பையன் அவர், அங்கே போனால் மிதிப்பதைப் பற்றிப் புலம்ப வாய் வராது. தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று, வாங்கினால் சுமக்க வேண்டும், நான் வாங்கினேன். மிளகாய் பற்றி அதன்பிறகு நான் பேசவில்லை.

சைக்கிளை எப்படித் திரும்பக் கொண்டுவந்தீர்கள்?

திருச்செந்தூரில் பஸ்காரர்கள் ஏற்ற மறுத்துவிட்டார்கள். வாழைத்தார் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக மதுரைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த குட்டியானை ஒன்று கிடைத்தது. இரண்டு சைக்கிளையும் வாழைச்சருகின் மேல் படுக்கவைத்துக் கட்டினோம், நடுவில் மல்லிகை நாற்று. ஓட்டிவந்த தம்பி எங்கேயிருந்து, எத்தனை நாள் என்று எல்லாம் கேட்டுவிட்டு, அருப்புக்கோட்டை தாண்டும்போது சொன்னது: “இம்புட்டுத் தூரம் மிதிச்சவுக, வீட்டுக்கும் மிதிச்சே போயிருக்கலாம்ல?”

மச்சான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தார். “வடக்க போகணும்ல தம்பி. காத்து எதுக்க.”